பழசைக் கொடுத்து வாங்கிய புரோசசர்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அம்மா, அப்பா, அக்கா, அப்புறம் அம்மாவின் தம்பியான மாமா. நால்வருக்கும் நடுவே, பழைய செய்தித்தாள் விரித்த தரையில், பக்கப் பலகை கழற்றப்பட்டு மல்லாந்து கிடந்தது என் கணினி. கூடத்தில் இல்லாதவன் நான் ஒருவன்தான்.

நான் அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில், வேலை செய்யும் ஸ்டூடியோவில், ஒரு கல்யாண ஆல்பத்துக்கு மாப்பிள்ளையின் தாடையில் இருந்த பருவை அழித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. நால்வரும் தனித்தனியாகச் சொல்லித்தான் தெரியும். நால்வர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் யார் மேலும் தப்பு இல்லை என்றுதான் வருகிறது. எனக்குக் கோபம் அடங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிப்ளோமா முடித்த வருடம் ஒவ்வொரு சாமானாக வாங்கி நானே பூட்டியது. எங்கள் குடும்பத்தில் பள்ளியின் ஐந்தாம் படிவம் தாண்டியவன் நான் ஒருவன்தான். அக்கா மூன்றாம் படிவத்தோடு நின்று தொழிற்சாலைக்குப் போனாள். அப்பா கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே குலை ஏற்றும் லோரி ஓட்டி, முட்டி போன பிறகு ஜாகா என்ற காவல் வேலைக்கு வந்தவர். அதனால் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். தண்ணீர் பில், அப்பாவின் மருத்துவமனைச் சீட்டு, மாமாவின் லோரி பட்டறைக்கு லைசென்ஸ் புதுப்பிப்பது, எல்லாம். "நம்ப வீட்டுப் படிச்ச புள்ள" என்பார்கள். தாளை நிரப்புவதற்கு நான் படித்த பிள்ளை. முடிவு எடுப்பதற்கு மாமா.

அந்தக் கணினியில்தான் வேலை முடிந்து வந்து வீடியோ வெட்டுவேன். கல்யாணம், காதுகுத்து, பத்துமலைக் காவடி, எது கிடைத்தாலும். வாங்கியபோது அதன் மூளையான புரோசசர் போதுமானதாக இருந்தது. பிறகு வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஃபோர்-கே கேட்க ஆரம்பித்தார்கள். வெட்டிய ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவை ஒரே படமாக உருவாக்க ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் பல் தேய்க்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காற்றாடி சத்தத்தில் அப்பாவுக்கு டிவி கேட்காது.

"புதுசா ஒரு கம்ப்யூட்டரே வாங்கிடு லா" என்று சொல்லாத ஆள் கிடையாது. ஸ்டூடியோ முதலாளி சொன்னார், மாமா சொன்னார், கீழ் மாடி ஆன்டி சொன்னார். லேப்டாப் வாங்கு என்றார்கள். யாருக்கும் நான் விளக்க முயன்றால் பாதியில் முகம் திரும்பிவிடும். முழுக் கணினியையும் மாற்றத் தேவையில்லை. அளந்து பார்த்தேன். ரெண்டர் ஓடும்போது மெமரி பாதிதான் நிறைகிறது, ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கிறது, புரோசசர் மட்டும் நூறு விழுக்காட்டில் மூச்சு வாங்குகிறது. எல்லாச் சாமானும் பூட்டியிருக்கும் பலகையான என் மதர்போர்டு ஏற்றுக்கொள்ளும் புரோசசர்களிலேயே கடைசி வரிசையில், ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கும் எட்டு கோர் உள்ளது ஒன்று இருந்தது. அதே பலகையில், அதே துளைகளில் உட்காரும். அதை மட்டும் மாற்றினால் போதும், இன்னும் நான்கு வருடம் ஓட்டலாம்.

எப்போது மாற்றுவது என்பதுதான் கேள்வி. புதுத் தலைமுறை வெளிவந்துவிட்டது, எனவே பழைய தலைமுறையின் விலை இறங்கும். ஆனால் ரொம்பக் காத்திருந்தால் கடைகளில் சரக்கே தீர்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். அதைவிட முக்கியம் வரிசை. மதர்போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது அதுதான். நான் பலகையை வாங்கிய காலத்தில் இந்தப் புரோசசர் பிறக்கவே இல்லை. ஆகவே பழைய புரோசசர் உட்கார்ந்திருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பழசைக் கழற்றிப் புதுசைப் பூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கும். எல்லாப் பலகைகளும் இப்படி இல்லை, புரோசசரே இல்லாமல் புதுப்பிக்கும் வசதி விலை கூடிய பலகைகளில் உண்டு. என்னுடையதில் இல்லை.

இன்னொரு விதி எனக்கு நானே போட்டுக்கொண்டது. கையில் வேலை இருக்கும்போது இயந்திரத்தைத் திறக்கக் கூடாது.

அந்த வாரம் என் கையில் வேலை இருந்தது. அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. பெட்டாலிங் ஜெயாவில் விளம்பரப் படங்களுக்கு எடிட் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் கட்டம் தாண்டி, பரீட்சை மாதிரி ஒன்று அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தரும் காட்சிகளை வெட்டி, வண்ணம் சரிசெய்து, மூன்று நிமிடப் படமாக ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். புதன்கிழமை இரவு காட்சிகளை இறக்கினேன். வியாழக்கிழமை இரவு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்து வைத்தேன். வெள்ளி மாலையிலிருந்து வெட்டத் தொடங்குவதாகத் திட்டம். பழைய புரோசசரிலேயே முடித்துவிட முடியும் என்று நேரத்தைக் கூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதது என் குணத்தால் இல்லை, அம்மாவின் சட்டத்தால். நல்ல காரியம் எதுவும் முடிகிற வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். அக்காவுக்கு வந்த ஒரு சம்பந்தம் தட்டிப் போனதற்கு, அம்மா அதைக் கோயிலில் ஒரு பெண்ணிடம் சொன்னதுதான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறார். அதிலிருந்து எங்கள் வீட்டில் நல்ல செய்தி என்பது நடந்து முடிந்த செய்தி மட்டும்தான்.

எனக்குத் தெரியாமல் போனது, அதே சட்டத்தின்படி அவர்களும் ஒன்றை மறைத்து வைத்திருந்தார்கள் என்பது. பெண்கள் சேர்ந்து மாதாமாதம் போடும் கூட்டுப் பணத்தில் அந்த மாதம் அம்மாவின் முறை. அக்கா என் கணினியில் எதையோ பார்க்க உட்கார்ந்தபோது, நான் நான்கு மாதமாக ஒரு கடையின் பக்கத்தில் கூடையில் போட்டு வைத்து, வாங்காமல் விட்டிருந்த புரோசசரைப் பார்த்திருக்கிறாள். படம் பிடித்து மாமாவுக்கு அனுப்பியிருக்கிறாள். மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள், எனக்குத் தெரியாமல் வாங்கிப் பூட்டிவிடுவது என்று. வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால்.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா எந்தக் கடைக்கும் வெறுங்கையோடு போனதில்லை. அத்தையின் பழைய சங்கிலியைக் கொடுத்துப் புதுச் சங்கிலி, பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துப் புது மோட்டார் சைக்கிள், குளிர்பெட்டி, டிவி, துணி துவைக்கும் இயந்திரம், எல்லாம் அப்படித்தான். பழசு வீட்டில் கிடந்தால் புதுசு ஓடாது என்பது அவர் பேச்சு. எங்கள் குடும்பமே அதைப் பிடித்துக்கொண்டது. பொங்கலுக்குப் பானை வாங்கும்போதுகூட அம்மா பழைய அலுமினியச் சட்டிகளைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார். தங்கத்துக்கு அது சரி. தங்கம் உருகும், எடை இருக்கும். ஒரு புரோசசர் இன்னொரு புரோசசருக்கு வழி திறந்துவிட வேண்டிய சாவி என்று யார் அவர்களுக்குச் சொல்வது? நான் சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்டிருந்தால்.

ஆகவே காலை எட்டரை மணிக்கு, நான் கொமுட்டர் ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மாமா பட்டறையிலிருந்து தன் கருவிப் பெட்டியோடு வந்து இறங்கினார். அப்பா டார்ச் லைட் பிடித்தார். புரோசசர் மேல் பூட்டியிருக்கும் காற்றாடியை மாமா நேராக இழுக்காமல், மெதுவாகத் திருகித் திருகி எடுத்தாராம். நேராக இழுத்தால் காய்ந்த பசையோடு புரோசசரும் பிய்ந்து வந்து அதன் ஊசிக் கால்கள் வளைந்துவிடும். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. லோரி எஞ்சின் இறக்கிப் பழகிய கை. அதில் நான் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. சின்ன பேப்பர் டவலில் பழைய புரோசசரைச் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவை வேனில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடையில் நடந்ததை அக்கா சொன்னாள். அந்தக் கடை முதலாளியான தவுக்கே பொறுப்பான ஆள்தான். அக்காவின் படத்தைப் பார்த்து, எந்த மதர்போர்டு என்று கேட்டிருக்கிறார். அக்கா மதர்போர்டு வந்த பெட்டியின் படத்தைக் காட்டினாள். உடனே அவர் மாமாவைப் பார்த்து மலாயில் கேட்டாராம்.

"பயாஸ் சுடா அப்டேட், பாஸ்?"

பயாஸைப் புதுப்பித்தாயிற்றா என்று. மாமாவுக்கு பயாஸ் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அவருக்குத் தெரியாது.

"சுடா" என்றார்.

ஆயிற்று என்று ஒரே சொல். தவுக்கே தலையாட்டிவிட்டு, பழைய புரோசசரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதற்கு ஒரு விலை போட்டுக் கழித்துக்கொண்டு, புதுசைப் பெட்டியோடு கொடுத்தார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு நான் வீட்டுக் கதவைத் திறந்தபோது கேசரி வாசனை. மாமா இன்னும் போகாமல் உட்கார்ந்திருந்தார். கணினி அதன் இடத்திலேயே, மூடிப் பூட்டப்பட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, தலையில் ஒரு முழம் மல்லிகையோடு நின்றது. ஆயுத பூசைக்குக்கூட அம்மா அதற்கு இவ்வளவு செய்ததில்லை. அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள். அவர்கள் யாரும் அதை முடுக்கிப் பார்த்திருக்கவில்லை. முதல் பொத்தானை நான்தான் அழுத்த வேண்டும் என்று நாள் முழுக்கக் காத்திருந்தார்கள்.

மேசை மேல் காலிப் பெட்டி இருந்தது. நான் நான்கு மாதம் கூடையில் வைத்திருந்த அதே எட்டு கோர். கையில் எடுத்து இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். பிறகு பயாஸ் ஞாபகம் வந்தது.

பொத்தானை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பு.

ஐந்து பேரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கொஞ்ச நேரம் ஆகும் போல" என்றார் அம்மா. "புதுசு இல்ல?"

"பழசு எங்க?" என்றேன்.

"எது?"

"பழைய புரோசசர். எங்க வெச்சிருக்கீங்க?"

மாமா பெருமையாகத்தான் சொன்னார். "கொடுத்தாச்சுடா. நல்ல வெலை. அந்தத் தவுக்கே மொதல்ல கொறைச்சுத்தான் கேட்டான், நான் விடல."

அதற்குப் பிறகு நான் கத்தியதை முழுக்க எழுதப் போவதில்லை. பயாஸ் என்றால் என்ன என்று கத்தலிலேயே பாடம் நடத்தினேன். பாதியில் பரீட்சையும் வெளியே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி, பெட்டாலிங் ஜெயா, இப்போது வாங்குவதைவிட இரண்டு மடங்கு சம்பளம், எல்லாம். அம்மா கையிலிருந்த கேசரித் தட்டை மேசையில் வைத்தார்.

"இதையெல்லாம் நீ ஏன்டா சொல்லல?" என்றாள் அக்கா.

"நீங்க ஏன் சொல்லல?"

"முடியுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு அம்மாதானே..."

"அதேதான் எனக்கும்!"

அம்மா சாமி மேடைப் பக்கம் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, சொல்லியிருந்தால் பத்துமலைக்கு வேண்டிக்கொண்டிருப்பேனே என்றார். அந்த நேரத்தில் அந்த வார்த்தை எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரி இருந்தது.

அப்பாவிடம் திரும்பினேன். நீங்களாவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"நான் டார்ச் லைட்தான்பா புடிச்சேன்" என்றார்.

தவுக்கே கேட்டபோது அக்காவுக்காவது சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். வந்ததாம். ஆனால் நான்தான் எப்போது பார்த்தாலும் அப்டேட், அப்டேட் என்று அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேனாம், அதையும் செய்திருப்பேன் என்று நினைத்துவிட்டாளாம். பிறகு அவளும் சூடானாள். "ஒன்கிட்ட கேட்டா என்னா சொல்லுவ? 'இன்னும் கொஞ்ச நாள், வெலை எறங்கட்டும்'. நாலு மாசமா அந்தக் கூடையிலயே கெடக்குது. நீ என்னைக்குத்தான் வாங்குவ?"

இதை எல்லாரும்தான் கேட்டிருக்கிறார்கள். பதிலை இப்போது சொல்கிறேன். காத்திருப்பது முடிவெடுக்காமல் இருப்பது இல்லை. அவர்கள் வாங்கியது சரியான சாமான். அந்தச் சாமான் சரியாக இருந்ததே நான் நான்கு மாதம் தேடியதால்தான். நான் செய்த வேலையில் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போய், முந்தின பக்கங்களை யாரும் படிக்கவில்லை.

சனிக்கிழமை ஸ்டூடியோவுக்கு லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் மாமா வேனோடு கீழே நின்றார். தவுக்கேவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் மாமாவைப் பார்த்தார். மாமா விலைச்சீட்டுப் பலகையைப் பார்த்தார். எங்கள் பழைய புரோசசர் நேற்று மதியமே வேறு ஒருவருக்குப் போய்விட்டது. கணினியை விட்டுவிட்டுப் போனால் பயாஸைப் புதுப்பித்துத் தருகிறேன், ஆனால் அந்த வேலை செய்யும் ஆள் ஊருக்குப் போயிருக்கிறான், செவ்வாய்க்கிழமைதான் என்றார். மாமா குரலை உயர்த்தத் தொடங்கினார். நேற்றுக் கொடுத்த சாமானை அதற்குள் எப்படி விற்கலாம் என்று. நான் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் 'சுடா' என்றவர், வாயை மூட வேண்டிய இடத்தில் கேள்வி கேட்டார்.

அந்தக் கட்டடத்தில் இருந்த மற்ற கடைகளிலும் பழைய வகைப் புரோசசர் கிடைக்கவில்லை. வேனில் உட்கார்ந்து போனில் தேடினேன். பழைய சாமான்கள் விற்கும் பக்கம் ஒன்றில் எனக்கு வேண்டியது, என்னுடையதைவிட ஒரு படி கீழானது, ஒன்று இருந்தது. விற்பவர் இருந்தது பிரிக்ஃபீல்ட்ஸில். தினமும் போகிற இடத்துக்கு லீவு போட்டுவிட்டு மாமாவின் வேனில் நெரிசலில் ஊர்ந்து போனோம். மாமா சாலையையே பார்த்து ஓட்டினார். ஒரு இடத்தில் மட்டும், "நான் பண்ணதுக்கு நானே கொடுக்குறேன்" என்றார். வேணாம் என்றேன். இன்னொரு தடவை சொன்னார். வேணாம் என்று கத்தினேன். பூக்கடைகள் பக்கம் நிறுத்த இடம் இல்லாமல் இரட்டை வரிசையில் நிறுத்தினார்.

விற்றவர் சென்னையிலிருந்து வேலை விசாவில் வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். அடுக்குமாடியில் நான்கு பேரோடு ஒரு வீட்டில் இருந்தார். சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்து, அதில் புரோசசரை வைத்திருந்தார். கால்கள் ஒவ்வொன்றும் நேராக இருந்தன. எனக்கு எதற்கு இவ்வளவு பழசு என்று கேட்டார். சொன்னேன்.

"ஐயோ, பழைய சிபியுவ எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துட்டாங்களா? அத ஏங்க கொடுத்தாங்க? யாருங்க அந்த அறிவாளி?" என்று சிரித்தார். உள்ளேயிருந்த நண்பர்களிடமும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள்.

வியாழன் வரை நானே சிரித்திருக்கக் கூடிய கதைதான். ஆனால் அந்த வாசலில் நின்றபோது, கீழே வெயிலில் வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஞாபகம் வந்தது.

"எங்க மாமாங்க" என்றேன். "எங்க வீட்டுக்குத்தான் பண்ணாரு."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ஸாரி ப்ரோ, சும்மா சொன்னேன் என்றார். விலையில் மட்டும் எதையும் குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கோபத்தில் இருக்கும்போது பேரம் பேச வராது. கீழே வந்தால் வேனின் கண்ணாடியில் அபராதச் சம்மன் சொருகியிருந்தது. மாமா பெட்ரோல் நிலையத்தின் கழிவறைக்குப் போன இடைவெளியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வீட்டில் பூட்டும் வேலையை நான்தான் செய்தேன். மாமா கையை நீட்டியபோது தொடாதீங்க என்றேன். அவர் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். அப்பா கேட்காமலே டார்ச் லைட்டை எடுத்து வந்தார்.

காற்றாடியைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. புரோசசருக்கும் காற்றாடிக்கும் நடுவில் பூசும் பசையைச் சுண்டைக்காய் அளவு வைத்தால் போதும். கடைக்காரர் கொடுத்த குழாய் முழுவதையும் மாமா பிதுக்கியிருந்தார். நாலு பக்கமும் வழிந்து, ஓரமெல்லாம் சாம்பல் நிறம். முதலில் பட்டறையிலிருந்து லோரி கிரீஸ் கொண்டு வந்தாராம், அக்காதான் தடுத்தாளாம். பருத்திப் பஞ்சால் சுத்தம் செய்ததிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. குழாய்க்குள் ஒட்டியிருந்த மிச்சத்தை வழித்துப் பூசிச் சென்னைக்காரரின் புரோசசரை உட்கார வைத்தேன். அந்த மிச்சத்தில் பயாஸ் புதுப்பிக்கும் நேரம் வரை ஓட்டலாம், வீடியோ வெட்ட முடியாது.

திரை வெளிச்சமானபோது அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பயாஸ் மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பலகையே செத்துவிடும் என்று ஒரு வார்த்தை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா ஓடிப் போய் அரிசி வேகும் குக்கரை அணைத்தார். அக்கா துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்தினாள். அப்பா மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையோடு உட்கார்ந்தார். குளிர்பெட்டியை யாரோ அணைத்தது மறுநாள் காலையில் பால் திரிந்தபோதுதான் தெரிந்தது.

பயாஸ் புதுப்பித்தாயிற்று. நிஜமாகவே சுடா. ஆனால் புதுப் புரோசசரைப் பூட்டப் பசை இல்லை, கடைகள் மூடும் நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணிக்குத்தான் கடை, திறந்ததும் முதல் ஆளாக நின்று வாங்கி வந்து பூட்டினேன். மதியம் பன்னிரண்டரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் செய்ய வேண்டிய வேலை. எனக்குக் கிடைத்தது ஐந்தரை மணி நேரம்.

புரோசசர் பறந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்பு இழுத்து இழுத்து நின்ற காட்சிகள் தண்ணீர் மாதிரி ஓடின. கடைசியில் மூன்று நிமிடப் படம் நான் எழுந்து தண்ணீர் குடித்து வருவதற்குள் ரெண்டர் ஆகிவிட்டது. ஆனால் எட்டு கோர் இருந்தாலும் எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்று யோசிக்கும் நேரம் குறையாது. வெட்டி முடித்தேன். வண்ணம் சரிசெய்தது முதல் பாதிக்கு மட்டும். இரண்டாம் பாதியில், படத்தில் வரும் பெண்ணின் முகம் ஒரு காட்சியில் மஞ்சளாகவும் அடுத்ததில் நீலமாகவும் இருந்தது. அது தெரிந்தே ஆறு மணிக்குச் சற்று முன் அனுப்பினேன்.

ஒன்றரை வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில். வெட்டு நன்றாக இருக்கிறது, வண்ணம் முழுமையாக இல்லை, வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அடுத்த முறை இடம் வரும்போது மறுபடி விண்ணப்பிக்கவும். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அந்தக் கம்பெனிக்குக் கொடுத்து வைக்கவில்லை என்றார். கம்பெனிக்கு எல்லாம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறது அம்மா, நமக்குத்தான் இல்லை என்றேன். அவர் அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

இப்போது அந்தக் கணினியில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. கல்யாண வீடியோக்களைச் சொன்ன தேதிக்கு முன்பே கொடுக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாமா பந்தியில் உட்கார்ந்து, மருமகன் வேலையெல்லாம் இப்ப ராக்கெட் மாதிரி, புரோசசரு நான்தான் மாத்திக் கொடுத்தேன் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேமராவோடு பின்னால் நின்றேன். என்னைப் பார்த்ததும் ரசத்தைக் கையில் வாங்கிக் குனிந்துகொண்டார்.

சென்னைக்காரரிடம் வாங்கிய பழைய புரோசசர் என் இழுப்பறையில் அதே சோப்பு டப்பாவில் இருக்கிறது. மாமா ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, சும்மாதானே கெடக்குது, என்று ஆரம்பித்தார். நான் இழுப்பறையை மூடினேன்.

நேற்று அம்மா வந்து பக்கத்தில் நின்றார். மாமா ஆன செலவில் பாதியைத் தருகிறேன் என்கிறாராம், சம்மனையும் சேர்த்துக் கணக்குக் கேட்கச் சொன்னாராம். நேராக என்னிடம் கேட்கத் தைரியம் இல்லை, அதனால் அக்காவிடம் சொல்லி, அக்கா அம்மாவிடம் சொல்லி, இப்போது அம்மா. முதல் தடவையாக இந்த விஷயத்தில் என்னிடம் ஒரு கேள்வி வந்திருக்கிறது, அதுவும் மூன்று வாய் மாறி. பணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

"சரி, வேணாம்னா வேணாம். மொத்தம் எவ்ளோ ஆச்சுன்னாவது சொல்லு" என்றார் அம்மா.

நானே ஒரு நல்ல நாளில் உட்கார்ந்து மாற்றியிருந்தால் அறுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது வெள்ளிப் பணத்தோடு முடிந்திருக்கும், பழைய புரோசசரும் வீட்டிலேயே இருந்திருக்கும், அந்தப் பெண்ணின் முகமும் கடைசிவரை ஒரே நிறத்தில் இருந்திருக்கும் என்று சொல்ல நினைத்தேன். அம்மா கேட்டது அது இல்லை. பழசுக்குக் கழித்தது போக, சோப்பு டப்பாவில் வந்தது, பசை, சம்மன் எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

எண்ணூற்று ஐம்பத்து நான்கு வெள்ளி.